பஸ் திரும்பும் பன்னிரண்டு சென்ட்

புளியங்கண்டிகை,
கார்வேட்டிநகரம் வழி,
சித்தூர் மாவட்டம்.
18.6.2017, ஞாயிற்றுக்கிழமை

மகாகனம் பொருந்திய மச்சான் வெங்கடரமணன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ரத்னம்மாவைக் கட்டியவன் கங்கையா இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் ரத்னம்மாவும் மகள் சுமித்ராவும் இரண்டு எருமைகளும் கங்கம்மா தாயின் புண்ணியத்தில் சௌக்கியம். ஆவடியில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் கேட்டால் நீங்கள் சொல்வதில்லை. பதினைந்து நாட்களாக நான் செய்த போன் ஒன்றைக்கூட நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நீலக் கோடு இரண்டும் விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. ஆகவே எட்டாம் வகுப்போடு நிறுத்திய என் தமிழைத் தூசு தட்டி எடுத்து, ரிஜிஸ்டர் தபாலில் இதை அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கியதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

தங்கள் கோபம் எதற்கு என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு நீங்கள் உங்கள் தங்கைக்கு எடுத்துக் கொடுத்த மயில்கழுத்து நிறச் சேலையை நான் கட்டிக்கொண்டு, திருப்பதி நடுத்தெருவில் நின்று, உங்களைப் பெயர் சொல்லித் திட்டினேன். அது முதல் குற்றம். உங்கள் மகன் சுரேஷ்பாபுவுக்கு வீடு கட்டத் தருவதாகச் சொல்லியிருந்த பன்னிரண்டு சென்ட் நிலத்தை ஒரு பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். அது இரண்டாவது. இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மச்சான், யாரோ ஒருவருடைய போனில் நீங்கள் பார்த்தது நாலே நிமிஷப் படம். படம் மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். பாக்கிப் பதினெட்டு நிமிஷத்தையும், படத்துக்கு வெளியே நடந்ததையும் கேட்காமல் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது நியாயமில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், அக்காவைக் காபி போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து முப்பது பெண்கள் ஸ்ரீ சிட்டி பேக்டரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு மணி ஷிப்ட்டுக்குக் கம்பெனி பஸ் நாலரைக்கே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். மெயின் ரோடு எங்கள் ஊரிலிருந்து இரண்டரை கிலோமீட்டர், வழி முழுக்க மாந்தோப்பு, தோப்பு முழுக்க நாய். அப்பன்மார்கள் முறை வைத்துக்கொண்டு தடியோடு பின்னால் நடப்போம். இரண்டு வருஷத்தில் நான் நடந்த நடைக்குக் காசிக்கே போய் வந்திருப்பேன். ஊருக்குள் பஸ்ஸை விடுங்கள் என்றால், வந்தால் திரும்ப இடமில்லை, இரண்டரை கிலோமீட்டரும் பின்னாலேயே போக முடியுமா என்று கம்பெனியில் கேட்டார்கள். அதுவும் சரிதானே என்று நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். இதற்கிடையில் வரலட்சுமி மகள் நாய்க்கடி வாங்கி வேலையை விட்டாள், அவளைப் பார்த்து இன்னும் ஆறு பெண்கள் நின்றார்கள், முப்பது இருபத்து மூன்றானது. தை மாசம் நீங்கள் போன் செய்து, "ஆனி மாசத்துக்குள்ள பஸ்ஸு ஊருக்குள்ள வந்தா சரி, இல்லன்னா பொண்ண வேலைய விட்டு நிறுத்திடு, சுரேசோட கல்யாணத்த முடிச்சிடலாம், அந்தப் பன்னெண்டு சென்ட்ட அவன் பேருக்கு எழுதிடு" என்றீர்கள். நான் சரி என்றேன். நான் யார் என்ன சொன்னாலும் சரி என்பவன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமித்ரா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். நாற்பது பேருக்கு லைன் லீடராக அவளை ஏற்றி அன்றைக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆக, பஸ் வந்தால் அவளுக்கு வேலை, வராவிட்டால் கல்யாணம். அவளுடைய தலையெழுத்து ஒரு டிரைவரின் ஸ்டீரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

கேட்டு வாங்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்பதற்கு வாய் வேண்டும் மச்சான். கம்பெனியிலிருந்து மூன்று தடவை ஆள் வந்து, கையில் பேப்பர் வைத்துக்கொண்டு, "மீ ஊர்ல ஏதைனா சமஸ்ய உந்தா, குறை எதுனா இருக்கா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்கள். மூன்று தடவையும் நாங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவர்களுக்கு மோர் கொடுத்து, பங்கனபள்ளி நறுக்கிக் கொடுத்து, "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று சொல்லி வண்டி வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தோம். வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது எப்படி? அவர்களும் நாங்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு போனார்கள். புளியங்கண்டிகை, குறை எதுவும் இல்லை, மாம்பழம் நன்றாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் தங்கை காமிராவோடு வந்தாள். பெண்கள் பொதுப்பு சங்கத்திலிருந்து, அதாவது உங்கள் ஊர் மகளிர் சேமிப்புக் குழு மாதிரி, நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, சந்திரகிரியில் பத்து நாள் படமெடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தது சிவசங்கரி என்று திருப்பதிப் பெண், ஜீன்ஸ் போட்டிருப்பாள், எல்லோரையும் அங்கிள் ஆன்ட்டி என்பாள், நல்ல பெண். ஊர்க்காரர்களே தங்கள் கதையைத் தாங்களே படம் பிடிக்க வேண்டும், வெளியாள் யாரும் நடுவில் பேசக் கூடாது, பிடித்ததை நாலு பேரைக் கூட்டிப் போட்டுக் காட்ட வேண்டும், காட்டினால் வேலை நடக்கும், அதுதான் அவர்கள் முறையாம். பத்து நாளைக்கு முன்னால் டிவி ரிமோட்டைக் கொடுத்தாலே தலைகீழாகப் பிடிப்பவள், பத்து நாள் கழித்து வந்து என்னைப் பார்த்து, "அந்த வெளிச்சத்துல நிக்காத, மூஞ்சி கருப்பா வுழுது" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"படம் எடுத்தா பஸ்ஸு வந்துடுமாடி?" என்றேன்.

"நீ ரெண்டு வருசமா நல்லா இருக்கு சார், நல்லா இருக்கு சார்னு சொல்லிக்கினு கீறியே, அதால வந்துச்சா?" என்றாள்.

நான் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

அடுத்த நாள் முதல் ஊர் தலைகீழானது. முதலில் ஆண்களைப் படம் பிடித்தார்கள். பதினோரு பேர். பதினோரு பேரும் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி, கழுத்து வரைக்கும் பவுடர் அப்பி, நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து, கம்பெனிக்கும் கலெக்டருக்கும் கரண்ட் ஆபீசுக்கும் நன்றி சொன்னார்கள். பக்கத்துத் தோப்பு ரங்கையா, "இந்த நல்ல நேரத்தில் இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே" என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று காமிராவைக் கேட்டுக்கொண்டார். என்னை மட்டும் பதிமூன்று தடவை எடுத்தார்கள். சிவசங்கரி பொறுமையாக, "அங்கிள், உங்க பொண்ணு அந்த ரோட்டுல நடந்து போறத நெனச்சுக்கினு பேசுங்க" என்றாள். நினைத்தேன் மச்சான். கண்ணில் தண்ணீர் வந்தது. வாயில் மட்டும் "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றுதான் வந்தது. ரத்னம்மா காமிராவைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஆளுக்கு வாய்ன்னு ஒண்ணு வச்சதே துன்றதுக்குத்தான்" என்று சிவசங்கரியிடம் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை.

பெண்கள் கதை வேறு. வரலட்சுமி தன் மகளின் காலைத் தூக்கி வடுவைக் காட்டி, நாயின் நிறத்திலிருந்து அதன் சொந்தக்காரன் பெயர் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சங்கத்து லட்சுமம்மாவிடம் காமிராவைக் கொடுத்து, ஷிப்ட் முடிந்து பெண்கள் மெயின் ரோட்டில் இறங்குவதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்து என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் எடுத்துவிட்டாள், நிறுத்தத் தெரியவில்லை. காமிராவைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவர்களோடு கதை பேசிக்கொண்டே ஊர் வரைக்கும் நடந்து வந்துவிட்டாள். கத்திரி வெயில், நாலு மணி. அந்தக் காமிரா நாற்பது நிமிஷமும் கால்களை மட்டுமே பிடித்திருந்தது. இருபத்து மூன்று ஜோடிக் கால், கிழிந்த செருப்பு, ஊக்கு குத்திய செருப்பு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட வெறுங்கால், புழுதி. நடுவில் ஒரு கால் நின்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி நடக்கிறது. அது சுமித்ராவின் கால். பெற்ற எனக்கு வெறும் காலைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சிவசங்கரி அதைப் பார்த்துவிட்டு லட்சுமம்மாவைக் கட்டிக்கொண்டாள். லட்சுமம்மாவோ, மெஷின் கெட்டுப்போயிருந்தால் தன்னைத் திட்டக் கூடாது என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் தாய் ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல் திருப்பதி கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை நான். பெயரும் அதனால் வைத்ததுதான். அந்த வேண்டுதல்படி ஜாத்திரைக்கு வருஷம் தவறாமல் போய்ச் சேலை கட்டி வேஷம் போடுகிறேன். ஆவடிக்குப் போய் முப்பது வருஷம் ஆனதில் உங்களுக்கு மறந்திருக்கலாம், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். ஜாத்திரையில் வேஷம் கட்டியவன் கண்ணில் பட்டவரையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவது அந்தத் தாய்க்குச் செலுத்துகிற காணிக்கை. திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். வேஷத்தில் பேசுவது அவன் பேச்சு இல்லை. வேஷத்தில் வாக்குக் கொடுத்துவிட்டால் கலைத்த பிறகு அதை மாற்றவும் கூடாது. நான் வழக்கமாக என்ன திட்டுவேன் தெரியுமா? வெயிலைத் திட்டுவேன். எருமையைத் திட்டுவேன். ஒரு வருஷம் மாம்பழ ஜூஸ் பேக்டரியை லேசாகத் திட்டிவிட்டு, அடுத்த வாரம் அங்கே கூலிக்குப் போனபோது மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

இந்த வருஷமும் அப்படித்தான் போயிருக்கும். வளையல் போட்டு, பொட்டு வைத்து, மயில்கழுத்துச் சேலையில் வேப்பிலையோடு நின்று, வெயிலைப் பார்த்து "அடியே" என்று ஆரம்பித்தேன். ரத்னம்மா பழகுவதற்காகக் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கோயிலுக்குப் போகிற சந்தில், ஆள் நிற்கவே இடமில்லாத சந்தில், ஒரு வெள்ளைப் பஸ் வந்தது. எங்கள் கம்பெனி பஸ், அதே நம்பர். மேனேஜர்கள் வீட்டாரை ஜாத்திரைக்கு இறக்கிவிட வந்ததாம். இறக்கிவிட்டு, பூக்கடைக்கும் பொரிக்கடைக்கும் நடுவில், ஒரு பொரி சிந்தாமல், மூன்றே வெட்டில் திரும்பிப் போனது.

எனக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் சொன்னதில் முக்கால்வாசியை இங்கே எழுத முடியாது, கடிதம் தணிக்கையில் நின்றுவிடும். எழுதக்கூடியது மட்டும் இது. "அடேய் ஹரிபாபு!" என்று கம்பெனியின் பஸ் மேனேஜரைத்தான் முதலில் பிடித்தேன். "பொரிக்கடை சந்துல திரும்பற பஸ்ஸு என் ஊர்ல திரும்பாதாடா? உன் பஸ்ஸுக்குக் கண்ணு தெரியல, என் பொண்ணு காலுக்கு முள்ளு தெரியுதுடா!" அடுத்தது நீங்கள். "அடேய் ஆவடி வெங்கடரமணா! ஆனி மாசம் ஆனி மாசம்னு பஞ்சாங்கம் படிச்சிக்கினு கீறியே, ஒரு நாளு, ஒரே நாளு, அந்தப் பொண்ணு பின்னால நீ நடந்தியாடா?" அதற்குப் பிறகு உங்களைப் பற்றிச் சொன்ன மூன்று வாக்கியத்துக்கு இந்தக் கடிதம் முழுவதுமே மன்னிப்பு. ஆனால் மச்சான், மூன்றாவதாக நான் பிடித்தது யாரை என்று உங்களுக்கு வந்த அந்த நாலு நிமிஷத்தில் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. "அடேய் கங்கையா! ஊரு வாய்ல பன்னெண்டு சென்ட்ட மடியில கட்டிக்கினு, திரும்ப எடமில்லன்னு அவன் சொன்னா மண்டைய ஆட்டிக்கினு மோரு ஊத்தறியே, நீ ஒரு அப்பனாடா? அந்தப் பன்னெண்டு சென்ட்டுல பஸ்ஸு திரும்பட்டும்! அம்மா மேல ஆணை!" உங்களுக்கு மூன்று வாக்கியம் என்றால் எனக்கு முப்பது. கூட்டம் என்னைக் கும்பிட்டது. ஒரு அம்மாள் காலில் விழுந்து, தன் மருமகனையும் கொஞ்சம் திட்டச் சொன்னாள்.

படத்தைச் சந்திரகிரியில் நம் பெண்களே உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்கள், கணினி யாரோ ஒருவர் கொடுத்தது, பெயர் இப்போது வேண்டாம். என்னிடம் எதையும் காட்டவில்லை. ஜூன் மூன்றாம் தேதி திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டி, அதிகாரிகளையும் கம்பெனிக்காரர்களையும் கூப்பிட்டுப் போட்டார்கள். நான் வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது சாட்சாத் ஹரிபாபு. அதுவரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை, அவரே பெயரைச் சொல்லிக்கொண்டார். ஊரில் எல்லாம் சௌக்கியமா என்று மரியாதையாகக் கேட்டார். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றேன். விளக்கை அணைத்தார்கள். முதலில் பதினோரு ஆண்களும் வரிசையாக "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றோம், மண்டபம் சிரித்தது, நானும் புரியாமல் சிரித்தேன். பிறகு கால்கள் வந்தன. ஐந்து நிமிஷம் கால்கள் மட்டும். சிரிப்பு நின்றுவிட்டது, மிக்சர் தின்ற சத்தம்கூட நின்றுவிட்டது. அடுத்து திரையில் மயில்கழுத்து நிறம் தெரிந்தது. எழுந்து ஓடலாம் என்றால் வாசல் பக்கம் ரத்னம்மா நிற்கிறாள். "அடேய் ஹரிபாபு!" என்று என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டபோது, நான் நாற்காலிக்குக் கீழே பாதி இறங்கிவிட்டேன்.

ஹரிபாபு எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து ஷூவைக் கழற்றினார். ஷூவாலேயே அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று, திரையைப் பார்த்துக் கை கூப்பினார். அவரைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது, கடைசியில் மண்டபமே எழுந்து நின்றது. விளக்கு போட்ட பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நான் கங்கம்மா கோயில் பக்கத்து வீதிலோ பொறந்தவன். சின்னப்பட்டி நுஞ்சி, சின்ன வயசிலேர்ந்து, அம்மவாரு கிட்ட திட்டு வாங்காத வருஷம் இல்லை. இந்த வருஷம் வேலை ஜாஸ்தின்னு வீட்டாரை மட்டும் அனுப்பிட்டேன், நான் போகலை. அம்மா என்னைத் தேடிக்கினு வந்து திட்டிட்டா." என் பக்கம் திரும்பி, "கங்கையாகாரு, திங்கக்கிழமை பஸ்ஸோட வரேன். அந்தப் பன்னெண்டு சென்ட்டு காட்டுங்க" என்றார். வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மச்சான். விருந்தாளி வருகிறார் என்றால் சும்மா இருப்போமா? வாழைமரம் கட்டி வளைவு வைத்தோம். வளைவை ஆள் உயரத்துக்கு வைத்துவிட்டோம், பஸ் உயரத்துக்கு வைக்கவில்லை. பஸ் அதைப் பிய்த்துத் தலையில் சூடிக்கொண்டு, ரங்கையா தோப்புக் கிளை இரண்டை முறித்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. அதுவாவது பரவாயில்லை. முதன்முதலாக நம் மண்ணில் பஸ் வருகிறதே என்று, நான் விடிகாலையிலேயே மோட்டாரைப் போட்டு, பன்னிரண்டு சென்ட் முழுக்கத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன். பெண்கள் அதன்மேல் கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்திருந்தார்கள். நேற்றுவரை கடலைக்கு உழுது வைத்த மண். பஸ் ஜம்மென்று வந்து பூசணிப்பூ மேல் ஏறியது, பின்சக்கரம் பாதிவரை சேற்றில் இறங்கியது, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"நான் சொன்னேனே சார், இங்க திரும்பாது" என்றான் டிரைவர். ஹரிபாபு வாட்சைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "டிரை பண்ணிட்டோம் கங்கையாகாரு. வானாகாலம் போகட்டும், தருவாத சூஸ்தாம், பார்க்கலாம்" என்றார். மழைக்காலம் போனால் ஆனி போய்விடும், ஆடி போய்விடும், சுமித்ரா போய்விடுவாள். ஊர் மொத்தமும் "பரவாயில்ல சார்" என்று சொல்ல வாயைத் திறந்தது. ரங்கையா மோர்ச் சொம்பையே நீட்டிவிட்டார். நானும் திறந்தேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த சுமித்ரா கூட்டத்தில் நின்று என்னையே பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, இந்த ஆள் என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்துவிட்ட பார்வை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நல்லா இல்ல சார்" என்றேன்.

என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். சேலை இல்லை, வளையல் இல்லை, பொட்டு இல்லை. வார்த்தை மட்டும் வந்துகொண்டே இருந்தது. "நல்லா இல்ல சார். ரெண்டு வருசமா நல்லா இல்ல. மூணு தபா உங்க ஆளு வந்து கேட்டாங்க, மூணு தபாவும் நாங்க பொய் சொன்னோம், மாங்கா குடுத்து அனுப்பனோம், அது எங்க தப்பு. ஏழு பொண்ணு வேலைய வுட்டுச்சு. என் பொண்ணு நாப்பது பேருக்கு லீடரு சார், அவ இந்தச் சேத்தால வேலைய வுடணுமா? சேறு நான் பண்ணது, நானே சரி பண்றேன். பஸ்ஸு திரும்பற வரைக்கும் நீங்க போகக் கூடாது!" கடைசி வார்த்தையில் ஹரிபாபுவின் கையைப் பிடித்துவிட்டேன். ஊரே அந்தக் கையைப் பார்த்தபடி நின்றது. பிறகு ரங்கையா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நேராகப் போய், தன் வீட்டுக்குப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காம்பவுண்டுச் சுவரைக் கடப்பாரையால் இடித்தார். அந்தக் கல்லை அவர் கொண்டுவந்து சக்கரத்தடியில் போட்டதும்தான் ஊருக்கு உயிர் வந்தது. வரப்புக் கல், கிணற்றுக் கல், துணி துவைக்கிற கல் எல்லாம் வந்தது. பெண்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்தார்கள், லட்சுமம்மா இந்தத் தடவை நிறுத்தத் தெரிந்தும் காமிராவை நிறுத்தவில்லை. பன்னிரண்டரை மணிக்கு ஊரே சேர்ந்து தள்ள, பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறி, பின்னால் போய், முன்னால் வந்து, நாலு வெட்டில் திரும்பி, தலையில் வாழைமரத்தோடு மெயின் ரோட்டைப் பார்த்து நின்றது. அப்படி ஒரு விசில் சத்தத்தை அந்த மாந்தோப்பு கேட்டிருக்காது. அப்போதுதான் ஹரிபாபு சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டார்.

"கங்கையாகாரு, இது வேஷமா?"

"இல்ல சார். இது நானு."

புதன்கிழமையிலிருந்து பஸ் ஊருக்குள் வருகிறது. முன்கண்ணாடியில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறார்கள், கீழே சுமித்ரா சாக்பீஸில் தமிழில் எழுதிவிட்டாள், டிரைவர் அதைத் துடைக்காமல் வைத்திருக்கிறான். வேலையை விட்ட ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பிச் சேர்ந்தாகிவிட்டது, வரலட்சுமி மகள் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறாள். பக்கத்தில் நாலு ஊர்க்காரர்கள் தங்களுக்கும் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி உங்கள் தங்கையைத் தேடி வருகிறார்கள், ஒரு ஊருக்குத் தண்ணீர் டேங்க், ஒரு ஊருக்கு வாத்தியார். முதல் நாள் பஸ் ஏறும்போது சுமித்ரா படியில் நின்று திரும்பி, "நைனா, இனிமே நீ தூங்கு" என்றாள். எங்கே தூங்குவது? நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. தடியை எடுத்துக்கொண்டு ஊர் வாய்க்குப் போய், பஸ் திரும்புவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். தினமும் பார்க்கிறேன், தினமும் நன்றாக இருக்கிறது.

ஆகவே மச்சான், உங்களைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நிலத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அது அம்மா மேல் ஆணை. பன்னிரண்டு சென்ட் போனதில் பாவம் சுரேஷ்பாபு மனசு என்ன பாடுபட்டிருக்குமோ என்பது ஒன்றுதான் என்னை உறுத்துகிறது, எங்கிருந்தாலும் அவன் நன்றாக இருக்க வேண்டும். தங்கள் தங்கை தங்கள் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள். அக்காவுக்கு என் வணக்கமும், ஒரு கூடை மாம்பழமும். கங்கம்மா தாய் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நோய் நொடி இல்லாமல், நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் தரட்டும். எல்லாம் நல்லா இருக்கு மச்சான். இந்த ஒரு தடவை உண்மையாகவே.

இப்படிக்கு, என்றும் தங்கள் அடக்கமான,
கங்கையா

பின்குறிப்பு: ரிஜிஸ்டர் தபால் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். எழுதி முடித்தபோது ரத்னம்மா, "தபாலு எதுக்கு, ஆளே போவுது" என்றாள். தலையைத் தூக்கிப் பாருங்கள். இந்தக் கவரையும் மாம்பழக் கூடையையும் அக்காவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வாசலில் நிற்பது உங்கள் மகன் சுரேஷ்பாபுதான். பெங்களூரில் வேலை அதிகம், வர முடியாது என்று உங்களிடம் சொன்னானே, அந்த நாட்களில் அவன் சந்திரகிரியில் இருந்தான். மேலே நான் பெயர் சொல்லாத கணினி அவனுடையது. அண்ணனைத் திட்டுகிற இடத்தை வெட்டிவிடலாம் என்று உங்கள் தங்கை அழுதபோது, "அத மட்டும் வெட்டாதீங்க அத்தை, எங்க நைனாவுக்கு யாராவது சொல்லணும்" என்று தடுத்தவன் அவன்தான். அவனுக்கு நிலம் வேண்டாமாம். ஸ்ரீ சிட்டியில் வேலை வாங்கிவிட்டான், ஒன்றாம் தேதி சேருகிறான், பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு அறை போதுமாம். சுமித்ராவிடம் கேட்டதற்கு, "மொதல்ல ஒரு மாசம் நாலரை பஸ்ஸுக்கு எழுந்து வரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாள். அவன் கையில் இருப்பது சங்கத்துக் காமிரா. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். எங்கள் இரண்டாவது படம் ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றியது, நீங்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கிற முகம்தான் முதல் காட்சி. திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள், ஒரு வார்த்தை வெட்ட மாட்டோம். எல்லாம் நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைச் சொல்கிற பதினோரு பேர் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள்.